விரல் கேட்டவன்

இன்றைக்காவது அந்தப் பெயர் திரையில் வராமல் இருக்க வேண்டும்... வந்தால் என் மனசு இளகிவிடும். இதை நினைத்துக்கொண்டேதான் அவள் நடந்தாள்.

விடியற்காலை நாலரை மணி. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். ஈ காக்கை இல்லாத சாலை. அவள் செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது... ஓர் அடி தாமதமாக.

நம் தோழி ஒருத்தியின் நாத்தனாருக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பெயர் வேண்டாம். வேலை செய்த இடத்தில் எல்லோருக்கும் அவள் கதவக்கா.

அந்தத் தொழிற்சாலையில் எல்லாமே இணையத்தில், கிளவுடில் இருக்கும் செயலிகள் வழியாகத்தான் ஓடும். தகட்டை ஒரே அடியில் டப்பா மூடியாக்கும் பிரஸ்கூட. யார் லேப்டாப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதோ, அதை அடைக்கும்வரை செயலி அவர்களை உள்ளே விடாது. அவசரம் என்றால் இவளிடம் விலக்குக் கேட்க வேண்டும். இவள் விரல் ரேகை வைத்தால் அவர்களுக்குச் செயலியின் கதவு திறக்கும்.

"உங்க வீட்டுக்காரரையாவது தட்டின உடனே உள்ள விடுவீங்களாக்கா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துவைப்பாள். ஆனால் 'முடியாது' என்று சொல்லிச் சொல்லியே நெஞ்சு மரத்துப்போய்விட்டதோ என்று ராத்திரி படுக்கையில் பயமாக இருக்கும். அதனால்தான் பிரஸ் ஃபோர்மேன் வந்து நின்றபோது இளகிவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்க்கா. ஓட்டைய நாளைக்கு அடைச்சிடறேன்."

விரல் வைத்தாள். படிவத்தில் 'முடியும் தேதி' என்ற கட்டத்தை நிரப்ப மறந்தாள். காலியாக விட்டால், என்றைக்கும் என்று அர்த்தம்.

அவனும் ஓட்டையை அடைக்கவில்லை. ஒன்பதாம் நாள், பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, அச்சுகளுக்கு நடுவே கைகளை விட்டு, சிக்கிய தகட்டை உருவிக்கொண்டிருந்தான். அந்த ஓட்டை வழியாக எங்கிருந்தோ எவனோ நுழைந்தான்... பிரஸ்ஸை ஓட்டிப் பார்த்தான்.

ணங்.

முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் வைத்திருந்த லேப்டாப்பும் தகடாகிப்போனது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தம் முழுக்க வடிந்துவிட்டது. அன்றே அவள் விலக்கை நீக்கினாள். நீக்கி என்ன?

மறுநாளிலிருந்து, அந்த நசுங்கிப்போன லேப்டாப்பின் பெயர் தினமும் விடியற்காலையில் அவள் திரையில் ஒரு நொடி வந்து மறைந்தது.

சரி. அன்றைக்கு வருவோம். ஐந்து மணி. அறையில் அவள் மட்டும். போன் அடித்தது. ஃபோர்மேனின் மச்சான். தன் அக்கா புருஷன் செத்த அதே பிரஸ்ஸில் இப்போது அவன்தான்.

"கதவக்கா, கையுறை அச்சுல மாட்டிக்கிச்சு. ரெண்டு கையும் உள்ள இருக்கு, போன் ஸ்பீக்கர்ல. நான் உருவுற வரைக்கும் யாருக்கும் திறந்துடாதீங்க."

"லைன்லயே இருடா."

"சீட்டி அடிக்கறேன். அது கேட்டா நான் முழுசா இருக்கேன்னு வச்சுக்கங்க."

அடித்தான். அப்போது திரையில் அந்தப் பெயர் வந்தது... மறையவில்லை.

ஓட்டை: ஒன்று. பேட்டரி: இல்லை. விரல் ரேகை: இல்லை. இருக்கும் இடம்: உங்கள் அறை வாசல்.

கதவு தட்டப்பட்டது. முஷ்டியால் அல்ல. சதக்... சதக்... ஈரமான ஏதோ ஒன்றால். கருகிய எண்ணெய் வாடை. அதற்கடியில் ரத்த வாடை.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்க்கா."

கதவின் கண்ணாடி வெடித்துச் சிதறியது. சில்லு ஒன்று அவள் கன்னத்தைக் கிழித்தது. முடியைப் பற்ற விரல்கள் இல்லாத எதுவோ அவள் பிடரியில் அடித்து, முகத்தை மேசையில் மோதியது. உதடு பிளந்தது. போன் கீழே விழுந்தது. இரண்டு எலும்பு முனைகள் அவள் மணிக்கட்டை இடுக்கிபோலக் கவ்வி, ரேகைக் கருவியை நோக்கி இழுத்தன.

"எனக்கு விரல் இல்லக்கா. உங்க விரல் ஒண்ணு குடுங்க."

குரல் அவ்வளவு பணிவாக இருந்தது. இவனுக்கு நான் எதைத்தான் தரக்கூடாது என்று அவளுக்கே தோன்றியது. சுட்டுவிரல் தானாக நீண்டது...

தரையிலிருந்து சீட்டி கேட்டது. கொஞ்சம் சுதி தப்பிய சீட்டி.

விரல்களை மடக்கிக்கொண்டாள். முஷ்டி மேசையில் ஓங்கி அறையப்பட்டது. சுண்டுவிரல் முறிந்தது. மறுபடி. மோதிரவிரல். திரையில் படிவம் தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. பெயர். காரணம். முடியும் தேதி மட்டும் காலி.

"குடுங்கக்கா."

சீட்டி இன்னும் நிற்கவில்லை.

"மாட்டேன்பா" என்றாள், மெதுவாக.