வேனில் ஏறாத பெயர்

— நபுருர்லா பிழைச்சுக்குவா, வாரிக். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா இங்கதான் வர்றேன். கண்ணத் தொறந்து தண்ணி கேட்டா. கிட்னி போனவளுக்கு அவ்வளவு தண்ணி கூடாதுன்னுட்டாங்க, நர்ஸைத் திட்டினா பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. சரி, நீங்க சொல்லுங்க. டயாலிசிஸுக்கு ஒரு நாள் தவறாம வந்தவள இப்படிப் படுக்க வச்சது உங்க சாஃப்ட்வேர்ல எந்த ரூல்?

— ஒரு ரூலும் இல்ல, நுங்கராயி. காலைல அடிலெய்டுலேர்ந்து வந்து இறங்கினதுலேர்ந்து ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாக்குறேன். தனித்தனியா எல்லாமே நல்ல ரூல்தான்.

— நல்லவன் நாலு பேரு கூடினாத்தான் ஊர்ல பெரிய வம்பு வரும். எது எதோட சேந்துச்சு, அதச் சொல்லுங்க.

— உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். சங்கிலியோட முதல் கண்ணி நீங்க கேட்டு வாங்கின ரூல்.

— பேரை மறைக்கிறதா?

— ஆமா.

— அத ஆசைக்காகக் கேக்கல, வாரிக். செத்தவங்க பேரை எங்க பூர்வகுடி ஜனங்க வாயால சொல்றதில்ல, அடுத்தவங்க சொல்லிக் காதுல விழுந்தாலும் உடம்பு பதறும். இந்தக் கிளினிக் என்ன பண்ணுச்சு? பையனைப் புதைச்சுட்டு உக்காந்திருந்த ஒருத்திக்கு, அவன் பேரைப் போட்டு ‘நாளைக்கு மறக்காம வாங்க’ன்னு செய்தி அனுப்புச்சு. அவ போனைக் கல்லுல போட்டு நசுக்கினா. அதுக்கப்புறம்தான் வந்து கேட்டேன்.

— கேட்டதுல தப்பே இல்ல. அதே பேருல உயிரோட யாராவது இருந்தா, அவங்க பேரையும் துக்கம் முடியிற வரைக்கும் மறைக்கணும்னு சொன்னீங்க.

— அதுவும் எங்க வழக்கம்தான். அந்தப் பேருக்காரங்கள எல்லாம் குமுஞ்சாயின்னுதான் கூப்பிடுவோம். பேரைச் சொல்லக் கூடாதவன்னு வச்சுக்கங்க. நபுருர்லாங்கிறது குலப்பேரு, அதுக்குத் தடையில்ல.

— கார் கவுந்து செத்துச்சே ஒரு சின்னப் பொண்ணு, அதுக்கும் நபுருர்லாவுக்கும் சொந்தப் பேரு ஒண்ணு. பொண்ணு போனதைப் பதிஞ்ச உடனே, கிழவி பேர் இருந்த இடத்தையும் சாஃப்ட்வேர் வெறுமையாக்கிடுச்சு. சொன்னதைச் செஞ்சுச்சு.

— சரி. மேல சொல்லுங்க.

— காலைல வேன் டிரைவருக்கு ஒரு பட்டியல் போகும்ல, யார் யாரை ஏத்திட்டு வரணும்னு? அதுல பேரில்லாத வரி இருந்தா அனுப்பாதேன்னு ஒரு ரூல். பழசு. முன்னாடி யாரோ பாதி எழுதி விட்ட பதிவெல்லாம் போய், ஆளே இல்லாத வீட்டு வாசல்ல டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டுக் கிடந்தாராம். அதுக்காகப் போட்டது.

— அப்ப வேன் போகல.

— போகல. ஆனா எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. அவங்க டயாலிசிஸ் நாற்காலி சும்மா கிடந்ததை இங்க ஒருத்தர்கூட ஏன் கேக்கல?

— எப்படிக் கேப்பாங்க? சாவு விழுந்தா எங்க ஜனங்க எல்லாத்தையும் போட்டுட்டுத் துக்கக் கூடாரத்துக்குப் போயிருவாங்க. நர்ஸுங்களுக்கு அது தெரியும். ‘பாவம், துக்கத்துல இருக்கா, தொந்தரவு பண்ண வேணாம்’னு மரியாதையா வாயை மூடிக்கிட்டாங்க. அவ என்னடான்னா வேலியோரம் போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. சாவுக்கு மரியாதை குடுத்து வேனை நிறுத்தி வச்சிருக்காங்க போல, நாம போய் அவசரப்படுத்தக் கூடாதுன்னு நினைச்சாளாம். காலு வீங்கி, மூச்சு முட்டி, அப்பவும் வாயைத் தொறக்கல.

— ரெண்டு பக்கமும் மரியாதை.

— அந்த மரியாதை ஒருத்தியக் கொல்லப் பாத்துச்சு. இன்னும் இருக்கா?

— இருக்கு. சேந்தாப்ல சில தடவ வரலைன்னா நாற்காலி காலின்னு ஒரு ரூல். நாற்காலி காலியானா, இங்க இடமில்லாம வெளியூர்ல காத்திருக்கிறவங்கள்ல முதல் ஆளைக் கூப்பிடுன்னு இன்னொரு ரூல். கூப்பிட்டுருச்சு. அடிலெய்டுலேர்ந்து ஒருத்தங்க வந்து இப்ப அதுல உக்காந்திருக்காங்க. நுங்கராயி? கேக்குறீங்களா?

— கேக்குறேன். இனிமே யாருக்கும் இப்படி ஆகாம இருக்க வழி இருக்கா?

— இருக்கு. பேர் மறைக்கிற ரூலைத் தூக்கிப் போடுன்னு மேலேர்ந்து சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன். வேன் பட்டியல் பேரைத் தேடாம, நோயாளி நம்பரையும் குலப்பேரையும் எடுத்துக்கிட்டாப் போதும். ஒரு ரூல் இன்னொண்ணு மேல கால் வைக்காது. இன்னிக்கே மாத்திடுவேன்.

— முதல்ல அதச் செய்யுங்க. பேரை மறுபடி வெளிய விட்டா எங்காளுங்க இந்த வாசல மிதிக்க மாட்டாங்க.

— செஞ்சுடுறேன். ஆனா நடந்துபோனதுக்கு என்ன பண்றது? நபுருர்லா நாளைக்கு ஆஸ்பத்திரிய விட்டு வந்தா, உக்கார நாற்காலி இல்ல.

— கூட ஒண்ணு போட முடியாதா?

— மெஷின் இருக்கு, நர்ஸ் இல்ல. கேட்டுப் பாத்துட்டேன்.

— சாயங்கால முறையில?

— நிறைஞ்சிருக்கு.

— இன்னொரு தடவ பாருங்க.

— பாத்துட்டேன், நுங்கராயி.

— எனக்காக, வாரிக். ஒரே ஒரு தடவ.

— பாருங்க, நீங்களே பாருங்க. இங்க, இங்க, இதோ இதுவும். எங்கயும் இடமில்ல. ரெண்டு பேருல ஒருத்தர் அடிலெய்டு போயாகணும்.

— உங்க ஊர், சுலபமாச் சொல்லிட்டீங்க. அங்க அனுப்பின பொம்பளைங்க மழையப் பாத்துக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்திருப்பாங்க. நம்ம பாஷைல ஒரு வார்த்தை பேச நாதி கிடையாது. ஒரு விறகு பத்தவச்சுக் குளிர்காய முடியாது. எத்தனையோ பேர் இங்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குச் சவப்பெட்டியிலதான் திரும்பி வந்தாங்க.

— தெரியும். எங்க தெருவுலயே அவங்க தங்குற விடுதி ஒண்ணு இருக்கு. நாயைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போறப்ப கை காட்டுவேன். கண்ணு என் மேல இருக்கும், ஆனா பாக்க மாட்டாங்க.

— ம்.

— ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நபுருர்லா இப்ப நம்ம கணக்குலயே இல்ல. நாம எதையும் தொடாம விட்டா, சாஃப்ட்வேர் அவங்கள வரிசைல கடைசி ஆளாச் சேத்து, அடிலெய்டுக்கு அனுப்பிடும். நாம யாரையும் கையப் புடிச்சு எழுப்பிவிட வேண்டியதில்ல.

— அடிச்சுக்கிட்டுப் போன வெள்ளம் போனதுதான்கிறீங்க.

— அப்படியும் ஒரு வழி இருக்குன்னேன். நோயாளிங்க சார்பா முடிவு சொல்ல வேண்டியது நீங்க.

— வந்தவளுக்கு இந்த நாற்காலி எப்படிக் கிடைச்சுச்சு?

— நபுருர்லா வரலைன்னு.

— அவ வரலையா?

— வேன் போகல.

— அப்ப அது அவ நாற்காலி. ராத்திரியெல்லாம் இதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். யோசிக்க யோசிக்க ஆசைதான் ஏறுது, நியாயம் மாற மாட்டேங்குது.

— அழுறீங்க.

— அழுதா என்ன? நாங்க அழுதுகிட்டேதான் எல்லா வேலையும் செய்வோம். பழையபடி வைக்க எங்க அழுத்தணும்?

— இங்க. அழுத்தினா நாற்காலி நபுருர்லாவுக்கு, வந்தவங்களுக்கு அடிலெய்டு டிக்கெட். கொஞ்சம் இருங்க. ஊர் வந்து சேந்துட்டோம்னு அந்தம்மா இப்பதான் நிம்மதியா மூச்சு விட்டிருப்பாங்க. எனக்குத் திரையில வெறும் நம்பர்தான் தெரியுது, ஆள் யாருன்னுகூடத் தெரியாது. போன்ல வர்ற செய்தியப் பாத்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. முதல்ல வீட்டு ஆளுங்ககிட்ட நேர்ல சொல்லணும், அத நான் செய்யுறேன். யாரைப் போய்ப் பாக்கணும்?

— எங்கயும் போக வேணாம். இவ்வளவு நேரமா அந்தம்மா பெத்த மககிட்டதான் பேசிட்டிருக்கீங்க. அழுத்துங்க.