வக்கீல் படிப்பும் மாமாவின் மாட்டுக் கொட்டகையும்

அக்கிராசனத்தை அழகுசெய்து அமர்ந்திருக்கும் பெரியவர் ஜெயராமன் அவர்களே! அருகிருந்து அன்பைப் பொழியும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! குமணன்சாவடி வாசகசாலையைக் கட்டிக் காக்கும் காளையர்களே! உள்ளே இடமின்றி மாட்டுவண்டிகளின்மேல் நின்று என் தலையை மட்டும் தரிசித்துக்கொண்டிருக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் திருமழிசை பரந்தாமனின் பணிவார்ந்த வணக்கம்.

வக்கீல் படிப்பு வாழ்வா, வீழ்வா? இதுதான் எனக்கு இட்ட தலைப்பு. நிலத்தை விற்று மகனைச் சட்டக் கலாசாலைக்கு அனுப்பலாமா என்று நெஞ்சம் குழம்பி நிற்கும் தந்தையர் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். மகன்மார் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்!

"சத்தமா பேசு நைனா!" என்கிறார் வண்டிமேல் நிற்கும் அண்ணன். பேசுகிறேன் அண்ணா. கோர்ட்டில் பேசாதே என்பார்கள். இங்கேதான் பேசச் சொல்கிறார்கள்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு நான் பி.ஏ. தேறினேன். வக்கீலாக இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். என் தந்தை மணவாளனுக்கு இருந்ததோ தாங்கல் ஏரி ஓரத்தில் ஒரு காணி நஞ்சை. அதை விற்றால் படிப்பு உண்டு, சோறு இல்லை. விற்காவிட்டால் சோறு உண்டு, படிப்பு இல்லை. எதை விடுவது? எதைத் தொடுவது?

அந்த வேளையில் வந்தார் என் தாய்மாமன் எத்திராஜ். "மச்சான், நெலத்தத் தொடாதே. பையனை நான் படிக்க வெக்கிறேன். நம்ப குடும்பத்துக்கு கோர்ட்டு வேலை நெறையக் கீது" என்றார். உண்மைதான். அதில் பாதி அவர் போட்ட கேஸு. மறுபாதி அவர்மேல் மற்றவர்கள் போட்ட கேஸு!

"நாளைக்குக் கூட என் கேஸு ஒண்ணு வருது. கூட வா. கோர்ட்டு எப்டிக் கீதுன்னு பாத்துக்க" என்று என்னைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனார். பத்திரக் கட்டையும் என் கையிலேயே கொடுத்தார். "வருங்கால வக்கீலு நீ. புடி!"

கோர்ட்டு வாசலில் நான் கண்ட காட்சி என்ன? வேப்பமரத்தடியில் ஏழு கறுப்புக் கோட்டுகள். கட்சிக்காரர்போல் ஒருவர் வண்டியிலிருந்து கீழே கால் வைத்தால் ஏழும் எழும்; அவர் டீத்தண்ணி குடிக்க வந்தவர் என்று தெரிந்தால் ஏழும் அமரும். சம்பத் என்ற இளம் வக்கீலிடம், நானும் வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். அவர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணி. பத்திரமா வெச்சுக்க. படிச்சு முடிச்சப்புறம் அஞ்சு வருஷத்துக்கு வேற எடுக்க முடியாது" என்றார். சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை!

மாமா யார்மேல் வழக்குப் போட்டிருந்தார் தெரியுமா? அவர் வீட்டிலேயே சாணி வாரிப் பிழைக்கும் குப்பம்மாமீது. தன் குடிசை மனையை அவள் தமக்கு விற்றுவிட்டாளாம். காலி செய்ய மறுக்கிறாளாம். அவளும் மரத்தடிக்கு வந்தாள்.

"நைனா, நீ படிச்ச புள்ள. ஆடு வித்ததுக்கு ரசீதுன்னு சொல்லித்தான் என் கைநாட்டு வாங்கினாங்க. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுக் காட்டேன்."

படித்தேன். பெயரைப் படித்தேன், ஊரைப் படித்தேன், நான்கு எல்லைகளையும் படித்தேன். "கிழக்கே எத்திராஜின் சமையற்கட்டு. மேற்கே எத்திராஜின் வைக்கோற்போர். தெற்கே எத்திராஜின் கிணறு. வடக்கே வண்டிப்பாதை."

குப்பம்மா கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். "இரு நைனா. அது என் குடிசை இல்லியே! அது உங்க மாமா ஊட்டு மாட்டுக் கொட்டாய்! தெனம் நான்தானே சாணி வாரிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

ஆம் பெரியோர்களே! எல்லை கேட்ட எழுத்தரிடம் மாமா தம் கொட்டகை மனையின் பழைய பத்திரத்தைத் தவறி நீட்ட, அவரும் அப்படியே பார்த்து எழுதிவிட்டார். மாமாவின் மாட்டுக் கொட்டகையை மாமாவுக்கே விற்றிருந்தாள் குப்பம்மா!

கேஸு கூப்பிட்டார்கள். அவளுக்கு வக்கீல் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாள். மாமாவின் வக்கீல், "படிக்கத் தெரியாத பெண் பிதற்றுகிறாள்" என்றார். "உனக்கு யாரம்மா படித்துச் சொன்னது?" என்று கேட்டார் நீதிபதி. அவள் விரல் என்னை நோக்கி நீண்டது. மாமாவின் விழி என்னை நோக்கி உருண்டது.

"பத்திரத்தில் கண்ட இடம் யாருடையது?" என்றார் நீதிபதி என்னிடம்.

சபையோர்களே, அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள்! ஒருபுறம் என் படிப்பு. மறுபுறம் ஒருத்தியின் குடிசை. ஒருபுறம் என் கோட்டு. மறுபுறம் அவள் கூரை. "எங்க மாமா மாட்டுக் கொட்டாய்ங்க" என்றேன். கோர்ட்டே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி ஆனது. என் படிப்பும் அதனோடு தள்ளுபடி ஆனது.

"படிக்கறதுக்கு மின்னாடியே என் கேஸைக் கவுத்துட்டான். படிச்சா என் ஊட்டையே கவுத்துடுவான். இவனுக்கு ஒரு தம்பிடி குடுக்கமாட்டேன்!" என்று கத்திவிட்டு, என்னை ஏற்றாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். திருமழிசை வரை நடந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். முதலில் பேசியவள் என் மனைவி வடிவு. மணமாகி ஐந்தே மாதம். மாமனார் முன் வாய் திறக்காதவள், கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"நெலத்த வித்துடுங்க மாமா. இவர் இன்னிக்கு வாய மூடிக்கினு வந்திருந்தா நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிருப்பேன். இப்போ பயமில்லே. கஞ்சி குடிச்சாவது இருந்துக்கலாம்."

பாதி நிலம் விற்றோம். படித்தேன். கோட்டுப் போட்டேன். வேப்பமரத்தடியில் எட்டாவது ஆளாய் அமர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் கட்சிக்காரர்கள் கொடுத்தது கத்தரிக்காயும் புடலங்காயும். கஞ்சி என்றாளே வடிவு, அவள் வாக்கு அப்படியே பலித்தது! இன்று வீட்டில் அரிசி இருக்கிறது; விற்ற நிலம் இன்னும் திரும்பவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்.

மாமாவா? போன ஆண்டு ஒரு வழக்கோடு என்னிடமே வந்தார். "எதிர்க்கட்சிக்காரன் உன்னை வெச்சுக்கறதுக்கு மின்னாடி நானே வெச்சுக்கறேன்டா" என்றார். பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டு, தோற்பீர்கள் என்றேன். திட்டிக்கொண்டே போய்ச் சமரசம் செய்துகொண்டார்.

தந்தையரே! மகன் எவ்வளவு சம்பாதிப்பான் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. சோறு போடுபவன் எதிரே நின்று, உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு உங்கள் பிள்ளைக்கு உண்டா? உண்டென்றால் அனுப்புங்கள், அஞ்சாமல் அனுப்புங்கள், அரைவயிறு உண்டாவது அனுப்புங்கள்! இல்லையென்றால் நிலத்தை வைத்துக்கொள்ளுங்கள், நெல்லாவது விளையும். ஏனென்றால் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை ஒருத்தி கைநாட்டு வைத்த காகிதத்தை நீட்டி நிற்கும்போது, அதை அவளுக்காகப் படிக்க இந்த நாட்டில் ஆள் வேண்டும், ஐயா, ஆள் வேண்டும்!

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், மணி பார்த்தும் பாராததுபோல் இருந்த தலைவருக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!