ஆதாரம்: பழனியம்மாள், செக்கிங் பிரிவு

— சங்கதிய எழுதுனா எம் புள்ள எழுதிட்டுப் போறா. எம் பேர எதுக்குங்க டீச்சர் எழுதச் சொன்னீங்க?

— முதல்ல உட்காருங்கம்மா. தேஜஸ்ரீ, அம்மாவுக்கு அந்த நாற்காலியைப் போடு.

— உக்கார வரலீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து ஒரே கம்பெனிங்க நானு. நேத்து கேட்டுலயே நிறுத்திட்டாங்க. வாட்ச்மேன் லிங்கசாமி உள்ள போயி எஞ் சோத்துப் பைய எடுத்தாந்து குடுக்கறான். மங்கலம் ரோட்டுல இன்னொரு கம்பெனில போயிக் கேட்டா, பேரச் சொன்னதுமே ஆளு வேண்டாம்னுட்டாங்க.

— எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. இது என்ன ப்ராஜெக்ட்னு சொல்றேன், கேளுங்க. டென்மார்க்ல ஒரு ஸ்கூல். இங்க நாங்க. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஆன்லைன்ல ஒண்ணா சேர்ந்து எழுதுறாங்க. நாம போடுற பனியன் எப்படி உருவாகுதுன்னு. இன்டர்நெட்ல பொறுப்பா நடந்துக்கப் பழகணும், அதுக்குத்தான் இது. பொய் எழுதக் கூடாது. யார் சொல்லித் தெரியும்னு குறிப்பிடணும்.

— அதத்தானுங்க மிஸ் நானும் பண்ணுனேன்.

— நீ கொஞ்சம் இரு.

— பொறுப்புங்களா? எங்க மேனேஜரும் அதேதானுங்க சொல்லுவாரு. ஆடிட்டுக்கு மொத நாளு எல்லாத்தையும் நிக்க வெச்சு, நாளைக்குப் பொறுப்பாப் பதில் சொல்லோணும்பாரு. சரி, இவ என்னதான் எழுதுனா? அதப் படிங்க. அவரு கத்துன கத்துல பாதி புரியல.

— தமிழ்லயே சொல்றேன். "வெளிநாட்டு ஆடிட் வரும் நாளில், பதினெட்டு வயது ஆகாதவர்களைக் கம்பெனி வேனில் பழனிக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு முந்தின நாளே பதில் சொல்லிக் கொடுப்பார்கள். ஆதாரம்: என் அம்மா பழனியம்மாள், செக்கிங் பிரிவு." இவ்வளவுதான்.

— இதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே. போன தடவ அந்தப் புள்ளைக எனக்குப் பஞ்சாமிர்தங்கூட வாங்கிட்டு வந்துச்சுங்க. நாந்தான் ஊட்டுல சிரிச்சுட்டுச் சொன்னேன். ஆடிட்டு வந்தா முருகனுக்குத்தான் கூட்டம்னு.

— பொய்னு நான் சொல்லலம்மா. ஆனா பேரைப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட அனுமதி கேட்டிருக்கணும். அதையும் வகுப்புல சொல்லிக் கொடுத்தேன்.

— கேட்டேனுங்க மிஸ்.

— கேட்டாளுங்க. நானும் சரின்னேன். புள்ள பாடத்துல எம் பேரு வருதுன்னா வேண்டாம்பனா? போன்ல காட்டுனா. கம்பெனி அட்டையத் தவிர இங்கிலீசுல எம் பேர வேற எங்கயும் பாத்ததில்லீங்க. பக்கத்து ஊட்டு முத்தாயிகிட்டயும் காட்டச் சொன்னேன்.

— அங்கதாம்மா வந்தது வினை. டென்மார்க் பிள்ளைங்க படிச்சிருக்காங்க. அவங்க ஊர்க் கடையில விக்கிற பனியனைத்தானே உங்க கம்பெனில தைக்கிறாங்க. யாரோ அங்க வீட்டுல சொல்லி, கம்பெனிக்கு மெயில் வந்துடுச்சாம். நம்ம தாளாளர் சொன்னார்.

— சொல்லுவாருங்க. அவரு தம்பி கம்பெனிதானுங்களே.

— அவர் மனசு இல்லாதவர் இல்லை. ஒரு வழி சொல்லியிருக்கார். அதை இவளே அழிச்சிடணும். அந்த இடத்துல, "நான் கற்பனையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்"னு ஒரு வரி. திங்கட்கிழமை நீங்க வேலைக்குப் போகலாம்.

— நெசமாங்களா?

— என் முன்னாடிதான் தம்பிகிட்ட பேசினார்.

— நான் கற்பன பண்ணலீங்க மிஸ்.

— தேஜு, வாய மூடு.

— பொய் எழுதக் கூடாதுன்னு மிஸ்தானம்மா...

— மார்க்கு போனாப் போகுது. எழுது கண்ணு.

— மார்க் குறைக்க மாட்டேன்மா.

— உங்களுக்குப் புண்ணியமாப் போகும் டீச்சர்.

— இந்தா லேப்டாப். உன் ஐடியில திற.

— நீங்களே அழிச்சரலாமுங்களே மிஸ்.

— நீ எழுதினதுல நான் கை வைக்கக் கூடாது. நீயே மனசு மாறி எடுத்தேன்னு இருக்கணும். அப்பத்தான் நல்லா இருக்கும்.

— எனக்கு மனசு மாறலீங்க.

— கண்ணு, நாளைக்கு வாடகை கேட்டு ஊட்டுக்காரம்மா வந்து நின்னா நீ பதில் சொல்லுவியா? அழி.

— அழிச்சுட்டேன்.

— முழுசாவா?

— முழுசாத்தானுங்க மிஸ். கற்பனைக்கு இங்கிலீசுல என்னங்க?

— இமேஜினேஷன். ஐ, எம், ஏ... ஆமா, அதேதான். அடுத்து சாரி. அதோட நிறுத்திடு. வேற எதுவும் சேர்க்காத.

— கண்ணத் தொடச்சுக்க சாமி. மெசின் மேல உழுகப் போகுது.

— சரியா வந்திருக்கு. பாருங்கம்மா, ரெண்டு நிமிஷ வேலை. இப்பவே தாளாளருக்குச் சொல்லிடறேன்.

— சொல்லிருங்க டீச்சர். அந்த டென்மார்க்குப் புள்ளைக மேல எனக்குக் கோவமில்லீங்க. அதுகளுக்கு என்ன தெரியும், பாவம். அவிக டீச்சர்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. இனி ஆரையும் இப்பிடி மாட்டி உட்டராதீங்கன்னு.

— சொல்றேம்மா. நீங்க கிளம்புங்க.

— அவிகள ஏம்மா சொல்ற? இந்தப் பக்கத்த ஆராரு தொறந்து பாத்தாங்கன்னு இங்கயே காட்டுது. நானு. அப்பறம் மிஸ்ஸு. டென்மார்க்குல ஒருத்தருங்கூட இன்னும் தொறக்கவே இல்ல.