தூங்காத பெட்டி

ஸ்பானரக் கீழ வைங்க தம்பி. கழட்டத்தானே வந்திருக்கீங்க, அதுக்கு முன்னாடி ஒரு விடுகதை போடுறேன், பதில் சொல்லிட்டுக் கழட்டுங்க. பகல் பூரா சாப்பிடும், ராத்திரி பூரா கத்தும். யாருக்கும் கேக்காது. கேக்கலையேன்னு இன்னும் சத்தமாக் கத்தும். விடிஞ்சா மயங்கிக் கெடக்கும். என்ன அது?

கைக்குழந்தையா? குழந்தை கத்துனா தெருவுக்கே கேக்குமே! உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலபோல.

உங்க தலைக்கு மேல கம்பத்துல இருக்கே, நான் பாத்துக்குற இந்தப் பெட்டிதான் அது. கீழ சுரங்கப்பாதையில தண்ணி ஏறுதான்னு அளக்கும். ஏறலன்னா பச்சை விளக்கு, ஏறினா சிவப்பு. கூடவே நம்ம மாநகராட்சி ஆபீஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிட்டு, உள்ள அத அனுப்புற மோடம் தூங்கிடணும். அப்பத்தான் சோலார் தகடு பகல்ல குடுக்குறது மழை மூட்டத்துலயும் தாங்கும்.

தாங்கல, ஒத்துக்குறேன். திரும்பத் திரும்பப் படுத்துக்கிச்சு. மொதல்ல நானும் உங்கள மாதிரி தகடோ பேட்டரியோதான் கோளாறுன்னு நெனச்சேன். தகட்டுல காக்கா எச்சம், தொடச்சேன். புது பேட்டரி போட்டேன், அதுவும் படுத்துக்கிச்சு. அப்பறம்தான் பேட்டரியத் திட்டுறத விட்டுட்டு, ஒயருக்கு நடுவுல கரண்ட் அளக்குற மீட்டர மாட்டிக்கிட்டு ஏணி மேலயே உக்காந்தேன். மெசேஜ் போற நேரம் வந்துச்சு, முள்ளு ஏறுச்சு. ஏறுன முள்ளு இறங்கவே இல்ல.

மோடம் செல்போன் டவரத் தேடுது தம்பி. அங்க பாருங்க, பல்பொடி விளம்பரம், பல்லக் காட்டிக்கிட்டு நிக்குதே. எவ்வளவு பெரிய தகரம்! டவருக்கும் பெட்டிக்கும் நடுவுல அத நிக்க வச்சது யாரு? நம்ம ஆபீஸ்தான். சிக்னல் கிடைக்கலன்னா மோடம் தூங்காது, முழு பலத்தோட கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பகல்ல சேத்ததெல்லாம் அதுலயே போயிடும்.

நீள ஒயரு போட்டு ஆன்டெனாவத் தகரத்துக்கு மேல தூக்கிக் கட்டிட்டேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பாரு, பதில் வரலன்னா தூங்கு, அப்பறமா எழுந்து கூப்பிடலாம்னு புரோகிராமையும் மாத்திட்டேன். இந்தாங்க மீட்டரு, நீங்களே பாருங்க. மூச்சு விடுறதே தெரியாமத் தூங்குது.

அனுமதியா? வாங்கல.

இதக் கழட்டிட்டு போர்டு வைக்கப் போறாங்களா? மழையில் கவனமாகச் செல்லவும்னா? அந்தப் போர்டு கீழ இறங்கித் தண்ணிய அளக்குமா? மேலிடத்துக்கு எழுதுவீங்களா, தாராளமா எழுதுங்க. என் பேர மட்டும் பிழையில்லாம எழுதுங்க. ஏணி என்னோடது. பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கு, தரமாட்டேன்.

பிடிவாதம்தான். என் வீட்டுக்காரரு இந்தப் பாதையிலதான் ஸ்கூட்டர இறக்கினாரு. முழங்கால் தண்ணிதான்னு நெனச்சிருப்பாரு. அப்ப இந்தப் பெட்டி கிடையாது.

பொண்ணு இருக்கா, ஆறாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம். மேம்பாலத்துல சுத்திப் போறியா, இல்ல தினமும் நானே கொண்டுவந்து விடட்டுமா, நீயே சொல்லுன்னேன். ரெண்டும் வேணாம்னுட்டா. பச்சை எரிஞ்சா சுரங்கப்பாதையிலயே இறங்கிப் போறேன்னா.

போறா.