இருட்டில் பிடித்த கை

பச்சைத் தண்ணீர் வேண்டாம். குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். சுடுதண்ணீர் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இனி இந்தத் தொண்டையை யார் கேட்கப்போகிறார்கள்.

எங்கள் குழுவில் ஆறு பெண்கள். பல நூறு வருடங்களுக்கு முன்பு கன்னியர் மடங்களில் பாடிய பக்திப் பாடல்களைத்தான் பாடுவோம். வாத்தியம் கிடையாது, குரல் மட்டும். குழுவை நடத்துபவள் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் எங்கள் வாயைத் திறக்கச் சொல்வாள்.

என் தங்கைதான் முன்குரல். நான் அவளுக்குத் துணைக்குரல். நீளமான பாட்டு ஒருத்தியின் மூச்சில் நிற்காது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில், அவள் விட்ட ஸ்வரத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பவர்களுக்குக் குரல் மாறியது தெரியக் கூடாது. தெரியாத அளவுக்கு நான் பழகியிருந்தேன். கைதட்டல் அவளுக்குப் போகும். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, ஆஸ்துமா இழுப்பு வந்தால் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து வளர்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அவள் பொடிசு.

கடைசிப் பாட்டின்போது மண்டபத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவோம். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்போம். மூச்சு முடிந்தவள் பக்கத்தில் இருப்பவளின் கையை ஒரு முறை அழுத்துவாள். இவள் திருப்பி அழுத்தினால், நான் பிடித்துக்கொண்டேன், நீ நிதானமாக மூச்சு வாங்கு என்று பொருள். ஒருத்தி குரல் நின்றால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தலை சுற்றினால் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளலாம். “யாரு விழுந்தாலும் பாட்டு விழக் கூடாதுடி” என்பாள் பல் டாக்டர். நாங்கள் சிரிப்போம்.

போன மாதம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பொடிசு வந்து நின்றாள். வெளிநாட்டில் ஒரு பெரிய குழுவில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் பாட்டை அனுப்பி, பதிலும் வாங்கி, போவதென்றே முடிவு செய்துவிட்டாள்.

“அங்க உனக்கு யாருடி மூச்சு பிடிச்சுக் குடுப்பா?” என்று கேட்டேன்.

“நான் பாத்துக்குறேன்க்கா. எத்தனை நாளைக்குத்தான் உன் கையையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கெட்ட எண்ணம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. கையிலிருந்த தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் அவள் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று நான்தான் பார்ப்பேன். அந்தக் கடைசிக் கச்சேரியன்றும் பார்த்தேன். எடுத்து என் உடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. கொஞ்சம் திணறட்டும், அக்கா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை புரியட்டும், உடனே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த மண்டபத்தில் ஒரே தூசி. அவளுக்குத் தூசி ஆகாது. அது எனக்குத் தெரியும்.

கடைசிப் பாட்டுக்கு விளக்கு அணைந்தது. பாட்டின் நடுவில் அவள் என் கையை அழுத்தினாள். நான் திருப்பி அழுத்திவிட்டு ஸ்வரத்தை எடுத்துக்கொண்டேன். மறுபடியும் அழுத்தினாள். நானும் அழுத்தினேன். பிறகு விடாமல் அழுத்த ஆரம்பித்தாள். நகம் பதிந்தது; தழும்பு இதோ இருக்கிறது, பாருங்கள். இழுப்புச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கும் போலிருந்தது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். பாட்டு கெடாமல் பார்ப்பதுதானே துணைக்குரலின் வேலை. அவள் மெல்ல உட்கார்ந்தாள். கையை விடாமல் நானும் குனிந்துகொண்டேன். அன்றைக்குப் போல் நான் என்றும் பாடியதில்லை. பாட்டு முடியப்போகும்போது ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். அவள் திருப்பி அழுத்தவில்லை.

விளக்கு வருவதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. இருட்டில் பல் டாக்டர் என் காதருகே வந்து, “பொடிசு இன்னிக்கு அசத்திட்டா” என்றாள். அதற்கப்புறம்தான் விளக்கைப் போட்டார்கள்.

குழுவின் உடுப்புகளைச் சலவைக்கு எடுத்தபோது என் உடுப்பில் இன்ஹேலரைக் கண்டதும் பல் டாக்டர்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் தங்கை என்றால் அவளுக்கும் உயிர்.

மருந்தை எடுத்தது உன் ஆத்திரம் என்றே வைத்துக்கொள்வோம், அவள் துடித்தபோது ஏன் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் தடவை அவள் அழுத்தியபோதே அதைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்; விளக்கு வருவதற்குள்தான் திரும்பப் போட்டேன். ஒரு கையில் மருந்து, இன்னொரு கையில் அவள் கை. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் பிடித்தாளே, அதற்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை. மருந்தை நீட்டியிருந்தால், அதை வாங்க அவள் என் கையை விட்டிருப்பாள்.