எச்சில் மாலை

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த யுத்தகாலக் கரிவாயு பஸ் காவேரிப் பாலத்தில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. என் முன் சீட்டில் துளசிமணி மாலை விற்கும் புருஷனும் பெண்சாதியும், மடியில் கூடையோடு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"யாராவது மாலையைக் கடிக்கச் சொல்லுவாங்களா?"

"அசல் துளசியா, வெறும் கட்டையான்னு அந்தப் பெரியவர் ஓயாம கேட்டார். எரிச்சல்ல, கடிச்சுப் பாருங்கன்னுட்டேன்."

"கடிச்சுட்டாரா?"

"கடிச்சார். 'பேஷ், துளசியேதான்! ஆனா இது எச்சிலாயிடுத்தே, வேற எடு'ன்னார்."

"பெருமாள் வாசல்ல எச்சில் மாலையை எவன் வாங்குவான்? விரல் புண்ணாக நான் மணி துளைச்சது இதுக்கா? சரி, வேற எடுத்துக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"வாங்கிட்டாரா?"

அவர் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"'இது அசல்னு எப்படித் தெரியும்'னு அதையும் கடிச்சுட்டார்."