கொக்கிப் பலகை மேல் தப்பில்லை

கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் சார். கப்பல் கட்டும் யார்டில் தலை நரைத்தவன் நான். இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தத்தில் காது பாதி போய்விட்டது.

நான் புகார் கொடுக்கத்தான் வந்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற உங்கள் போலீஸ்காரர், "என்ன பெருசு, என்னத்தத் தொலைச்சே?" என்றார். ஒரு பலகை என்றேன். சிரித்தார். காரணம் தெரியாமல் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். யார்டு முழுக்க அப்படிப்பட்டவர்களோடுதானே குப்பை கொட்டினேன்.

அது கொக்கிப் பலகை சார். கப்பலைக் கடலில் இறக்கும் அன்று, அதன் வயிற்றுக்கு அடியில் முட்டுக் கொடுத்த கட்டைகளின் ஆப்புகளை எங்கள் ஆட்கள் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். குனிந்து உள்ளே போய், குனிந்தே வெளியே வரவேண்டும். தலைக்கு மேலே ஒரு தெரு நீளத்துக்கு இரும்பு. சங்கு அலறும், மேடையில் கூட்டம் கத்தும். யார் உள்ளே, யார் வெளியே என்று கூவிக் கேட்டால் ஒருத்தனுக்கும் கேட்காது.

அதனால் நான் ஒரு வழி செய்தேன். ஆளுக்கொரு சுத்தியல். பிடிக்கு ஆளுக்கொரு நிறம். வெளியே வந்ததும் சுத்தியலைத் தன் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. கொக்கி காலி என்றால் ஆள் உள்ளே இருக்கிறான். பலகை நிறைந்தால் மேஸ்திரி பச்சைக் கொடி காட்டுவார், மேலே கட்டர்காரன் கடைசிப் பிடிப்பை அறுப்பான். அதற்குப் பிறகு அந்தக் கப்பலை யாராலும் நிறுத்த முடியாது.

மேஸ்திரி நான்தான்.

என் தங்கை புருஷனும் அந்தக் கும்பலில்தான் இருந்தான். பாட்டுக்காரன் என்பார்கள். டாங்குக்குள் வெல்டிங் பிடித்தாலும் பாட்டு, சோறு தின்றாலும் பாட்டு. அப்பா, அம்மா இல்லாத வீட்டில் தங்கையை நான் வளர்த்தேன். கட்டினால் இவனைத்தான் என்று அவள் நின்றாள். சரி என்றேன். வேலையும் வாங்கிக் கொடுத்தேன். பொறாமையா என்று கேட்காதீர்கள். பொறாமைப்படுவதற்கு எதிராளியிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவன் சுவரில் ஆணிகளில் தொங்கிய கரண்டிகளுக்கு முன்னால் போய் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு கரண்டியையும் முகர்ந்து பார்ப்பது போல நடந்தான். அச்சு அசல் நான். "எலேய், குழிக்கரண்டி எங்கடா? உள்ளயா இருக்கான்?"

தங்கை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "போதும்ங்க, அண்ணன் கோவிச்சுக்கும்."

நானும் சிரித்தேன். நல்ல ஞாபகம் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். மேனேஜரிடம் போய், "சுத்தியல் வெளிய தொங்குனா ஆளும் வெளிய இருக்கான்னு எப்படி சார் நம்புறது? மூஞ்சியப் பாத்து ஆளை எண்ணணும்" என்றான். மேனேஜருக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கப்பல் இறங்கினதும் கொடியை உங்க மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுங்க மேஸ்திரி. உங்களுக்குக் காதும் சரியில்ல" என்றார். குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று எனக்கு ஆறுதல் வேறு.

அதுதான் என் கடைசிக் கொடி.

அந்தக் கப்பலை இறக்கிய அன்று என் சிவப்புப் பிடி சுத்தியலோடு கடைசிச் சோதனைக்கு உள்ளே போனேன். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறி, சுத்தியலை மாட்டிவிட்டு, கப்பல் தண்ணீரில் விழுகிற வேடிக்கையைப் பார்க்கக் கரைக்கு ஓடினார்கள். எத்தனை முறை பார்த்தாலும் வாயைப் பிளப்பார்கள். கடைசியாக மாப்பிள்ளை வந்தான். மஞ்சள் சுத்தியலை மாட்டினான். என் கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தான். திரும்பி அடியில் புகுந்தான்.

சுத்தியலைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் புகுந்தான் சார். அதுதான் அவன் ஒழுங்கு.

நான் வெளியே வந்து என் சுத்தியலை மாட்டினேன். பலகை நிறைந்தது. கொடியைக் காட்டினேன். கப்பல் அழகாக இறங்கியது.

பலகை நிறைந்தது, கொடி காட்டினேன் என்றுதான் விசாரணையிலும் சொன்னேன். அவன் உள்ளே போனதைப் பார்க்கவில்லை, கூப்பிட்டது கேட்கவில்லை என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். நம்பிவிட்டார்கள். ஆளைப் பார்த்து நம்புகிறவர்கள் அல்லவா. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ என்னண்ணே பண்ணுவ? உனக்குத்தான் காது கேக்காதே." அவளுக்கு இப்போது நான்தான் அரிசி பருப்பு வாங்கிப் போடுகிறேன். வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. நிம்மதியாகத்தான் இருப்பாள்.

என்னை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொன்னது பலகையை. இந்தப் பலகை ஒரு உயிரை வாங்கிவிட்டது என்று கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். இப்போது ஆளை எண்ணுகிறார்களாம். அதற்குப் பாட்டுக்காரர் முறை என்று பெயர். கப்பல் இறக்கும் இடத்தில் அவன் போட்டோவோடு போர்டு வைத்திருக்கிறார்கள். நான் கொண்டுவந்த ஏற்பாட்டின் மேல் கொலைப்பழி. இதைப் பார்த்துக்கொண்டு எப்படி சார் சும்மா இருப்பது?

என்ன கேட்டீர்கள்? பலகையையே நம்பாதவன், காலிக் கொக்கியைப் பார்த்ததும் எப்படி உள்ளே போனான் என்றா?

இத்தனை நாளில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. நீங்கள் மெதுவாகவே பேசலாம் சார். என் காது அவ்வளவு மோசமில்லை.

அவன் கொக்கியைப் பார்த்து உள்ளே போகவில்லை. கப்பலுக்கு அடியில் தலையை நீட்டி, "மச்சான், உள்ள இருக்கீங்களா?" என்று கத்தினான். நான் உள்ளே, பக்கத்து முட்டுக் கட்டையின் மறைவில் நின்றுகொண்டிருந்தேன். அவன் குரலை எந்தச் சங்கும் அமுக்காது.

"உள்ளதான் இருக்கேன் மாப்ள. காலு மாட்டிக்கிச்சு."

"அசையாதீங்க மச்சான், தோ வந்துட்டேன்."

நான் எதிர்ப்பக்கமாக வெளியே நடந்தேன்.

பொய் சொன்னது நான். பலகை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பலகையை மட்டும் கழற்றின இடத்திலேயே மாட்டச் சொல்லுங்கள் சார்.